அன்று மணி அடிக்கவில்லை

நடுவர் அவர்களே, கிறிஸ்தவ சபையைக் கட்டிக் காப்பது ஒழுங்கா, இரக்கமா என்ற கேள்விக்கு இரக்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன், வேலி இல்லாத தொழுவத்தில் ஆடு தங்காது என்றார். சரி, வேலி இருக்கட்டும். வெளியே ஓர் ஆடு முள்ளில் சிக்கிக் கத்தும்போது என்ன செய்வீர்கள் என்பதற்கு அவர் பேச்சில் பதில் வரவேயில்லை.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். எனக்குப் பத்து வயதில் என் சித்தப்பா கடன் நெருக்கடியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அன்று மணி அடிக்கவில்லை, பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோகவும் விடவில்லை, வாசலிலேயே சின்னதாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாகப் பாட்டுகூட இல்லாமல் புதைத்தார்கள். அதற்கப்புறம் சித்தி ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து போய்விடுவாள்.

சட்டம் அப்படி என்றார்கள் பெரியவர்கள். பொய்யில்லை. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர், சபையிலிருந்து நீக்கப்பட்டவர், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர் ஆகியோருக்கு அடக்க ஆராதனை கிடையாது என்றுதான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பும் தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. ஆனால் 1983-இல் வந்த புதிய தொகுப்பில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்கள் இல்லை. அப்புறம் 1992-இல் வந்த மறைக்கல்வி நூல், கடும் மன வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. தற்கொலை தவறு என்றும் அதே நூல் சொல்கிறது. எந்த ஒழுங்கும் இடிந்துவிடவில்லை, அழுதுகொண்டு வந்த குடும்பத்துக்குக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

எதிரணியில் பைபிளின் 1 கொரிந்தியர் 5-ஐ வாசித்து, அந்தப் பொல்லாதவனைத் தள்ளிப்போடச் சொன்னது பவுல்தானே என்று கேட்டார்கள். ஆமாம், பவுல்தான். அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் வாசித்திருக்கலாமே! தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றி, பட்டது போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று அங்கே கெஞ்சுகிறாரே. ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்க நம் கமிட்டி ஒரே ராத்திரியில் கூடிவிடுகிறது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எத்தனை முறை கூடியிருக்கிறது?

எதிரணித் தங்கை ஒருவர், இரக்கம் என்று சொல்லித்தான் தப்பு செய்தவர்களை மூடி மறைக்கிறார்கள் என்றார். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அது நடக்கிறது. அடிபட்டவரை வாயை மூடச் சொல்வதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் மகன்கள் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் எரித்துக் கொன்றார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் மன்னித்தேன் என்றார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை, குற்றவாளிக்குத் தண்டனையும் வந்தது. கணவரையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த அந்த அம்மா, அதே ஒடிசாவில், அவர்கள் வாழ்ந்த பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையை இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்தார். மன்னிப்பும் நியாயமும் ஒன்றையொன்று தின்றுவிடவில்லை, நடுவர் அவர்களே.

எங்கள் ஊர்க் கதைக்கே வருகிறேன். போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புதிதாக வந்த ஐயர், அதாவது சபைப் போதகர், எல்லாக் கல்லறைகளிலும் ஜெபித்துக்கொண்டே வந்தவர், யாரும் கூப்பிடாமலே அந்த மதிலோரத்துக்கும் வந்தார். பெயரைக் கேட்டார். பெயர் சொல்லி ஜெபித்து, பாட்டும் எடுத்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு சித்தப்பாவுக்குக் கிடைத்த முதல் பாட்டு அது. சித்தியால் பாட முடியவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஞாயிறு, ஆசீர்வாதம் முடியும்வரை கோயிலில் இருந்தாள்.

எதிரணி நண்பர்களே, அந்த ஐயர் எந்த ஒழுங்கை உடைத்தார்?