சாக்பீஸால் போட்ட பட்டறை

நேயர்களுக்கு வணக்கம்.

கார் நிறுத்துகிற ஷெட்டை வீட்டுப் பட்டறையாக மாற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இதை இரண்டு முறை செய்தவன். முதல் முறை செய்ததைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைச் செய்தேன். அதனால் இன்று நான் சொல்லப்போவதில் பாதி, கெடுத்துக் கற்றுக்கொண்டது.

முதல் முறை ஆசையாக ஒவ்வொரு மெஷினாக வாங்கி, வாங்கியதை எல்லாம் சுவரோரம் வரிசையாக நிறுத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கதவு செய்ய உட்கார்ந்தேன். ஏழடிச் சட்டத்தை மேஜை ரம்பத்தில் கொடுத்துத் தள்ளினால், பாதி அறுபடும்போதே அதன் முனை டிரில்லிங் மெஷினின் தூணில் போய் முட்டி நின்றது. சரி என்று சட்டத்தைத் திருப்பி மறுமுனையிலிருந்து அறுத்தேன். இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்க வேண்டுமே! ஒரு நூல் விலகி, வெட்டு படிபோல ஏறி இறங்கிவிட்டது. நல்ல மரம், வீண். மெஷினுக்கு இடம் பார்த்த நான், அதற்குள் போய் வெளியே வரும் மரத்துக்கு இடம் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை ஷெட்டைக் காலி செய்து, கூட்டிப் பெருக்கி, ஒரு பெட்டி சாக்பீஸோடு உள்ளே போனேன். எந்த மெஷின் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அளந்து அதே அளவில் தரையில் கட்டம் போட்டேன். அப்புறம் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம், எட்டடியில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை செய்வதுபோலவே நடந்தேன். இங்கே அறுக்கிறேன், இங்கே திரும்புகிறேன், இதோ வேலை செய்யும் பெஞ்சில் வைக்கிறேன். ரீப்பர் சுவரில் இடித்த இடத்திலெல்லாம் கட்டத்தை அழித்து வேறு இடத்தில் போட்டேன். ஒரு வாரம் இதே விளையாட்டுத்தான். வீட்டில் இருப்பவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். முழு பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு அடி. அதை நீளவாட்டில் அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் எட்டடி வேண்டும். அறுபட்ட பலகை வெளியே வர, பின்னால் எட்டடி வேண்டும். மெஷினையும் சேர்த்தால் பதினெட்டு, பத்தொன்பது அடி. ஒரு கார் நிற்கும் ஷெட்டின் மொத்த நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதற்கு வழி வாசலில் இருக்கிறது. அறுபட்ட பலகை வாசல் பக்கம் வருமாறு ரம்பத்தைத் திருப்பி வையுங்கள். ஷட்டரைத் தூக்கிவிட்டால் பலகை தாராளமாக வெளியே போகும். இன்னொரு வழியும் உண்டு, இப்போது எனக்குப் பிடித்தது அதுதான். முழுப் பலகையைத் தெர்மகோல் மேல் தரையில் படுக்கப் போட்டு, நேரான ஒரு சட்டத்தை கிளாம்பில் பிடித்து, கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பத்தை அதை ஒட்டி ஓட்டி முதலில் துண்டாக்கிவிடுவேன். மெஷினுக்குச் சின்னத் துண்டுதான் போகும். முதுகும் பிழைக்கும்.

பெஞ்ச் உயரத்துக்கு ஒரே அளவு சொல்லச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. செருப்போடு நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தொங்கவிடுங்கள், உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக மடக்குங்கள். அந்த உள்ளங்கை இருக்கும் உயரம் இழைப்புளி பிடிப்பதற்கு ஏற்றது. உடம்பின் பாரம் வேலைமேல் இறங்கும். அரம் போடும்போது பொருளை இறுக்கிப் பிடிக்கிற வைஸுக்கு அது ஆகாது. வைஸின் வாய் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். நான் இரண்டையும் ஒரே பெஞ்சில் வைத்து ஒரு வருடம் இடுப்பு வலியோடு திரிந்தேன். பெஞ்ச் கனமாக இருக்கட்டும். இழைக்கும்போது நகர்கிற பெஞ்சைவிட எரிச்சலானது வேறு எதுவும் இல்லை. கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வைத்தால் அசையாது. பெஞ்ச் ரம்பத்தின் மேஜையைவிட ஒரு நூல் தாழ்வாக இருந்தால், அறுபட்டு வரும் மரம் தட்டாமல் அதன்மேல் வழுக்கிப் போகும்.

கார் ஷெட்டின் தரை பெரும்பாலும் வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும், தண்ணீர் வடிவதற்காக. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் பெஞ்சின் நான்கு காலையும் ஒரே அளவில் வெட்டிவிடாதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். பட்டறைக்குத் தனி லைன் இழுங்கள், அதிலும் விளக்குக்கு வேறு, மெஷினுக்கு வேறு. ஏன் என்று கேளுங்கள். என் முதல் பட்டறையில் எல்லாம் ஒரே லைன். ஒரு நாள் ராத்திரி கனமான கட்டையை ரம்பத்தில் கொடுத்தபோது மோட்டார் திணறி, அதிக கரண்ட் இழுத்தால் லைனைத் துண்டிக்கிற எம்சிபி விழுந்தது. விளக்கும் கூடவே போனது. கும்மிருட்டு. பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது, என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்படியே கல்லாகி நின்றேன். பிளேடு நிற்க ஆனது சில நொடிகள்தான். மறுநாளே வயரிங் செய்பவரைக் கூப்பிட்டேன்.

அவர் சொல்லித்தான் ஆர்சிசிபி மாட்டினேன். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால், உதாரணமாக உங்கள் உடம்பு வழியாக, உடனே துண்டித்துவிடும். மெஷின் சுவிட்சிலும் ஒரு விஷயம் உண்டு. கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது; மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். அந்த வகை சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் பெரிய மெஷினை ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி உறை உருகும். முழுதாகப் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பழைய சோக் வைத்த டியூப் லைட்டைப் பட்டறையில் மாட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றுகிற லேத் அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றலாம். தொட்டால் கதை முடிந்தது.

தூசி விஷயத்தில் நான் ரொம்ப நாள் அசட்டையாக இருந்தவன். மரத்தூள்தானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. காலடியில் சேரும் சுருளும் துருவலும் பெருக்கினால் போய்விடும். சாண்டிங் செய்யும்போது, அதாவது உப்புத்தாளால் தேய்க்கும்போது, காற்றில் மிதக்கிற, கண்ணில் படாத மாவுதான் நுரையீரலுக்குள் போவது. மெஷினின் வாயிலேயே உறிஞ்சும் குழாயை மாட்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், வாசலைத் திறந்து வையுங்கள். வெல்டிங்கும் கிரைண்டரும் மரவேலை மூலையில் வேண்டவே வேண்டாம். தூளுக்குள் போய் உட்கார்ந்த பொறி, நீங்கள் பூட்டிவிட்டுத் தூங்கப் போன பிறகும் புகையத் தொடங்கலாம். தீயணைப்பான் வாசலருகே இருக்கட்டும், உள்மூலையில் இருந்தால் நெருப்பைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டும். காரையும் அங்கேயே நிறுத்துகிறவர்கள், ஷட்டர் மூடியிருக்கும்போது ஒரு நிமிடம்கூட இன்ஜினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கருவி மாட்டும் பலகை, அலமாரி பற்றியெல்லாம் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆறு மாதம் வேலை செய்யுங்கள், எதை அடிக்கடி எடுக்கிறீர்கள் என்று கையே காட்டிக்கொடுக்கும். அதுவரை ஆணியில் தொங்கட்டும்.

மணியைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். நான் ஷெட்டுக்கு வெளியே ஒரு கொடி கட்டி வைத்திருக்கிறேன். துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, அட்டைபோல விறைக்கும் வரை அதில் காயப்போடுவேன். நேற்றுத் துடைத்த இரண்டு துணி இப்போதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.