ஊசி போட்டு முடித்த பிறகு

(வேலூரில் செவிலியர், வார்டு பணியாளர், துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் தெரியவந்தது 1986இல். ரத்தம் எடுத்தது சென்னையில். பரிசோதித்தது நம் வேலூர் சி.எம்.சி.யில். அதனால்தானோ என்னவோ, ஊசி குத்திவிட்டது என்றாலே இங்கே எல்லோருக்கும் எய்ட்ஸ் பயம்தான் முதலில் வருகிறது. கணக்கைப் பாருங்கள். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 1,000இல் 3. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் கிருமிகளில் சி வகை, 100இல் 2-க்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்போ 100இல் 6 முதல் 30 வரை. காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி 7 நாள் தாங்கும். தடுப்பூசி இருப்பதும் இதற்குத்தான்: முதல் டோஸ், 1 மாதத்தில் அடுத்தது, 6ஆம் மாதம் மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளருக்கு முதல் டோஸே கிடைப்பதில்லை என்றால் அது நிர்வாகத்தின் குற்றம்.

நோயாளிக்குப் போடும்போது ஊசி நம்மைக் குத்துவது குறைவு. போட்டு முடித்த பிறகுதான் ஆபத்து. மூடியை இடது கையில் பிடித்து, வலது கையால் ஊசியை அதற்குள் செருகுகிறோம். குறி தவறினால் நேரே இடது ஆள்காட்டி விரலில் ஏறும். ஏன் மூடுகிறோம்? ஊசியை வெட்டும் கட்டர் நர்ஸ் மேசையில், நோயாளி கடைசிக் கட்டிலில். அவ்வளவு தூரம் திறந்த ஊசியோடு நடக்க முடியாது. ஆகவே கட்டரும், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவும் டிராலியிலேயே வர வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் டப்பாவை மூடிவிடுங்கள். கையால் அமுக்கி இடம் பண்ணாதீர்கள். ஊசியை மூடியே தீர வேண்டிய நிலையில், அதன் மூடியை டிரேயில் படுக்க வைத்து ஒரே கையால் ஊசி முனையில் கோத்தெடுங்கள். கிட்னி டிரேயில் பஞ்சுக்கடியில் ஊசியை விட்டுப் போனால் அது குத்துவது உங்களை அல்ல, அதைக் கழுவ வரும் அம்மாவை.

குத்திவிட்டால் கிளவுஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர் போதும்.

உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; 72 மணி தாண்டினால் பலனில்லை. நோயாளியின் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நெகட்டிவ் என்றால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். பேரணாம்பட்டுப் பக்கம் ராத்திரி 2 மணிக்குக் குத்தினாலும் முதல் மாத்திரை கையில் கிடைக்கிற மாதிரி கேஷுவாலிட்டியில் இருப்பு வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் ரத்தத்தையும் அன்றே கொடுங்கள். தொற்று முன்பே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும் பரிசோதனை. அதுவரை ரத்ததானம் வேண்டாம், வீட்டில் ஆணுறை கட்டாயம்.