122-ஆம் புள்ளிக்கும் 123-ஆம் புள்ளிக்கும் நடுவே

அவையோருக்கு வணக்கம்.

கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையின் நடுவில், ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி சூழக் கிடக்கும் ஹான்ஸ் தீவைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர்தான். மரம் இல்லை, குடியிருப்பு இல்லை, மொட்டைப் பாறை. வடதுருவப் பகுதியின் பழங்குடிகளான இன்யூட் மக்கள் இதை டார்ட்டுபாலுக் என்பார்கள். சிறுநீரக வடிவினது என்று பொருள்.

கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது 22 கிலோமீட்டர் வரை, ஒரு நாட்டின் எல்லை நீளலாம் என்பது கடல் சட்டம். இந்தப் பாறை இரு கரைகளுக்குமே அந்தத் தொலைவுக்குள் அகப்பட்டுக்கொண்டதால், 1973-இல் கனடாவும், கிரீன்லாந்தைத் தன் ஆட்சிக்குள் கொண்ட டென்மார்க்கும் கடலடி எல்லையை வகுத்தபோது, 122-ஆம் புள்ளியில் கோட்டை நிறுத்தி, 875 மீட்டர் தாண்டி 123-ஆம் புள்ளியில் மீண்டும் தொடங்கினார்கள். 1984 முதல் இரு தரப்பினரும் மாறி மாறி வந்து தீவு தமதே என்று கொடி நட்டு, மதுப்புட்டியும் வைத்துப் போனதை, என் கருத்தில், தகுதிக்கு மீறியே உலகம் ரசித்துவிட்டது.

அதைவிட, தீவுக்குப் பெயர் தந்த மனிதரைத்தான் நான் நினைக்கிறேன். கிரீன்லாந்து இன்யூட் வேட்டைக்காரரான ஹான்ஸ் ஹெண்ட்ரிக், சார்லஸ் ஹால் தலைமையில் வட துருவத்தை நோக்கி 1871-இல் புறப்பட்ட அமெரிக்கக் கப்பலான போலாரிஸில் மனைவி மக்களோடு பயணம் செய்தார். ஹால் இறந்தபின், 1872 அக்டோபர் 15 அன்று, புயலில் கப்பல் மூழ்கிவிடும் என்றஞ்சிப் பொருள்களைப் பனித்திட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது திட்டு உடைந்து, 19 பேரைச் சுமந்துகொண்டு விலகிப் போயிற்று. அவர்களில் ஹான்ஸின் கைக்குழந்தைக்குப் பிறந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அந்த இருண்ட குளிர்காலம் முழுவதும் ஹான்ஸும் இன்னொரு இன்யூட் வேட்டைக்காரரும் கடல்நாய்களை வேட்டையாடிக் கொண்டுவந்த இறைச்சியும் கொழுப்புமே அத்தனை பேரையும் தாங்கின. ஆறு மாதத்துக்கு மேல் மிதந்து, 1873 ஏப்ரல் 30 அன்று லாப்ரடார் கரையோரம் ஒரு கப்பலால் மீட்கப்பட்டபோது, 19 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

2022 ஜூன் 14 அன்று ஒட்டாவாவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, பாறையில் இயற்கையாகவே அமைந்த ஒரு பிளவை ஒட்டி எல்லைக்கோடு போகிறது. விட்டுப்போன துண்டு அவ்வாறு நிரம்பியது. அதே உடன்படிக்கை, இருபுறத்து இன்யூட் மக்களும் வேட்டைக்காக முன்போலவே அந்தக் கோட்டைத் தாண்டி வந்துபோக இடம் வைத்திருக்கிறது.