மூலிகைதானே என்று சொல்லும்முன்

வணக்கம். முப்பது வருடமாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று தவறாமல் கேட்பேன். "ஒன்றும் இல்லைங்க" என்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் மூட்டுவலிக்குச் சூரணம், வாய்வுக்குப் பூண்டு லேகியம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். "அது மருந்து இல்லையே, மூலிகைதானே!"

இந்த 'மூலிகைதானே' பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதற்கு முன் ஒரு மாட்டுக் கதை.

1933 பிப்ரவரி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். கொட்டும் பனியில் ஒரு விவசாயி முன்னூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரத்துக்கு வருகிறார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, ஒரு பால் கேன், கொஞ்சம் கெட்டுப்போன வைக்கோல். கேனில் இருந்தது பால் இல்லை, மாட்டின் ரத்தம். அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் அது உறையவே இல்லை! பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியர் கண்ணில் அது படுகிறது. அந்த வைக்கோல் ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர். நல்லபடியாகக் காய்ந்தால் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால், அதிலிருக்கும் வாசனைப் பொருளே ரத்தத்தை உறையவிடாத பொருளாக மாறிவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்க லிங்கின் குழுவுக்கு ஆறேழு வருடம் ஆனது. அதன் வழியில் உருவாக்கிய வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தானது.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் விழுங்கும் அந்த மாத்திரைக்கே பூர்வீகம் ஒரு செடிதான். ஒரு செடி மாட்டின் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் என்றால், இன்னொரு செடி உங்கள் மாத்திரையோடு மோதாதா?

மோதும் விதம் இரண்டு. முதலாவது கீரை. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின், அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. முருங்கைக்கீரையில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. சத்துக்காக முருங்கை இலைப் பொடியைத் தினமும் கரைத்துக் குடித்தால் மாத்திரை தோற்றுப்போகும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு அங்கே ரத்தக்கட்டி வரலாம். அதற்காகக் கீரையே வேண்டாம் என்று விடாதீர்கள். வாரத்துக்கு எவ்வளவு வழக்கமோ அவ்வளவு. திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, நேர் எதிர்: ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் போவது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் சத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். ரசத்தில் போடும் பூண்டைச் சொல்லவில்லை, குழம்பு மஞ்சளையும் சொல்லவில்லை. பயம் அந்த மாத்திரைகளில்தான். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவுக்கு ஐஎன்ஆர் என்று பெயர். வார்ஃபரின் சாப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டிலிருந்து மூன்றுக்குள் இருக்க வேண்டும். நியூசிலாந்தில் வார்ஃபரின் எடுத்துக்கொண்டு சீராக இருந்த ஒருவர் மஞ்சள் கலந்த ஒன்றைச் சாப்பிட, அது பத்தைத் தாண்டியது. 2018இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டது. இன்னொன்று. பூண்டுச் சத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத்தான் மந்தமாக்கும். அது ஐஎன்ஆர் பரிசோதனையில் தெரியாது. அறிக்கை நன்றாக இருக்கும், பல் ஈறில் ரத்தம் நிற்காது.

மறுபடியும் சொல்கிறேன், வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரையைக் காட்டுங்கள். இதய மருத்துவரிடம் போனால் லேகிய டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வந்திருக்கும் புதிய வகை மாத்திரைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு வரி மட்டும். அவற்றுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை, ஆனால் மூலிகையோடு ஒத்துப்போகும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.