பயாப்சி ரிப்போர்ட்ல "ஐஜிஏ 3 ப்ளஸ்"னு இருந்தா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "என் தம்பிக்கு கிட்னி பயாப்சி எடுத்தாங்க. மெசஞ்சியத்துல ஐஜிஏ டெபாசிட், 3 ப்ளஸ்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஆன்டிபாடி நம்மளைக் காப்பாத்துறது தானே, அது எப்படி கிட்னியைக் கெடுக்கும்? 3 ப்ளஸ்னா முத்திப்போச்சா? டயாலிசிஸ் பண்ணி அந்தப் படிவை எடுத்துட முடியாதா?"

ஐஜிஏங்கறது ஆன்டிபாடியில, அதாவது கிருமியை எதிர்க்கிற புரதத்துல, ஒரு வகை. மெசஞ்சியம்னா கிட்னி வடிகட்டியோட நடுப்பகுதி, டெபாசிட்னா படிவு. அந்த 3 ப்ளஸ்லேருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்ல எல்லாரோட தூக்கத்தையும் கெடுக்கிறது அதுதான்.

பயாப்சி ஊசியில வர்ற சதையை லேப்ல பிரிச்சுக்குவாங்க. ஒரு துண்டு ஃபார்மலின்ல, சாதாரண மைக்ராஸ்கோப்புக்குப் போகும். இன்னொரு துண்டை உறைய வச்சு, மெல்லிசா சீவி, ஒளிர்ற சாயம் ஏத்தின ஆன்டிபாடியை அது மேல விடுவாங்க. ஐஜிஏ எங்கெல்லாம் இருக்கோ அங்க போய் அது ஒட்டிக்கும். இருட்டு ரூம்ல, அதுக்குன்னே இருக்கிற மைக்ராஸ்கோப்புல பார்த்தா அந்த இடம் மட்டும் பச்சையா மின்னும். எவ்வளவு பளிச்சுன்னு மின்னுதுன்னு பாக்கிற டாக்டர் கண்ணால மதிப்பு போடுறார் பாருங்க, அதுதான் 1 ப்ளஸ், 2 ப்ளஸ், 3 ப்ளஸ். கிட்னியில கோளாறு இருக்கிறவங்களுக்கு, இது ஐஜிஏ நோய்தான்னு பேர் சொல்லும். எந்த ஸ்டேஜ்னு சொல்லாது.

தீவிரத்தைப் பாக்க ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. ரிப்போர்ட்டோட கடைசிப் பகுதியில எம், இ, எஸ், டி, சின்னு எழுத்தும் நம்பருமா இருக்கும். செல் எவ்வளவு பெருகியிருக்கு, தழும்பு விழுந்திருக்கா, குழாய்கள் சுருங்கிப்போச்சா, க்ரெசன்ட், அதாவது வடிகட்டிக்குள்ள பிறை வடிவத்துல செல்கள் குவிஞ்சிருக்கா, இதெல்லாம் அதுல வரும். ஐஜிஏ எவ்வளவு மின்னுச்சுங்கறது அந்த அஞ்சுல ஒண்ணு கூட கிடையாது! இதுலேருந்தே புரிஞ்சுக்கலாம்.

இன்னொண்ணு சொல்றேன். ஜப்பான்ல தானமா வந்த 510 கிட்னிகளை, பொருத்துற சமயத்துலயே பயாப்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. 2003-ல வந்த ஆய்வு. 82 கிட்னியில ஐஜிஏ படிவு இருந்தது. தானம் கொடுக்கத் தகுதின்னு டெஸ்ட் பண்ணி எடுத்த கிட்னிங்க இது. அப்போ படிவு வேற, நோய் வேற. படிஞ்சது அங்க போய் என்ன கலாட்டா பண்ணுதுங்கறதுதான் விஷயம்.

சரி, காப்பாத்துற ஆன்டிபாடி ஏன் அங்க போய் உக்காருது? ஐஜிஏ தொண்டை, குடல் மாதிரி ஈரச் சவ்வு இருக்கிற இடங்களோட காவல்காரன். இந்த நோய் இருக்கிறவங்களுக்கு, அந்த ஐஜிஏல ஒரு பகுதி குறையோட தயாராகுது. அதுல ஒட்டியிருக்க வேண்டிய கேலக்டோஸ்ங்கற சர்க்கரை இருக்காது. உடனே உடம்பே அதை அந்நியன்னு நெனச்சு, அதுக்கு எதிரா இன்னொரு ஆன்டிபாடி, ஐஜிஜி, தயார் பண்ணும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு பெரிய கட்டியா ரத்தத்துல சுத்தும். கிட்னியோட வடிகட்டி நடுவுல இருக்கிற மெசஞ்சியம் பகுதிக்கும் ரத்தத்துக்கும் நடுவுல தடுப்பு ரொம்பக் கம்மி. அங்க போய் மாட்டிக்கும். மாட்டினதும் அங்க இருக்கிற செல்லெல்லாம் உசுப்பேறி பெருகும், எதிர்ப்பு சக்தியோட பகுதியான காம்ப்ளிமென்ட்ங்கற புரதங்களும் வந்து சேரும், வீக்கம் வரும், வடிகட்டி ஒழுக ஆரம்பிக்கும். சளி, தொண்டைவலி வந்து ஓரிரு நாள்ல யூரின் டீ டிகாஷன் நிறத்துல போகுதுன்னு சிலர் சொல்றது இதனாலதான்.

இப்போ டயாலிசிஸ். அது யூரியா, கிரியாட்டினின் மாதிரி சின்னக் கழிவுப் பொருளை ரத்தத்துலேருந்து எடுக்கும். ஆன்டிபாடி அதைவிட ரொம்பப் பெருசு. அதுவும் சதைக்குள்ள உக்காந்துட்டதை ரத்தத்தைச் சுத்தி பண்ணி எப்படி எடுக்கிறது? கிட்னி மாற்று ஆபரேஷன்ல ஒரு அழகான பாடம் இருக்கு. ஐஜிஏ படிஞ்ச கிட்னியை வேற நோய் இருக்கிற ஒருத்தருக்கு வச்சா, படிவு தானா கரைஞ்சு போயிடுது. சுத்தமான கிட்னியை ஐஜிஏ நோயாளிக்கு வச்சா, நெறைய பேருக்கு மறுபடி படியுது. ஆக, தப்பு கிட்னி மேல இல்லை, ரத்தத்துல வந்துட்டே இருக்கிற சரக்கு மேல. படிவை மட்டும் எடுக்கப் பாக்கிறது, ஓட்டையை அடைக்காம படகுலேருந்து தண்ணி இறைக்கிற மாதிரி.

சரக்கைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு, சிறுகுடலோட கடைசிப் பகுதியில போய் கரையற ப்யூடசோனைட் மாதிரி மருந்தெல்லாம். எல்லாருக்கும் தேவைப்படாது. பிபியைக் கட்டுக்குள்ள வைக்கிறது, பிரில், சார்டன்னு முடியற மாத்திரைகளால யூரின் புரோட்டீனைக் குறைக்கிறது, இது அநேகமா எல்லாருக்கும் உண்டு. புரோட்டீன் ஒரு நாளைக்கு 0.5 கிராமுக்குக் கீழ வரணும்னு பாப்போம். உங்க தம்பி ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போகும்போது டாக்டர்கிட்ட புரோட்டீன் எவ்வளவு, கிரியாட்டினின் ஏறுதா, குழாய் சுருக்கத்தைச் சொல்ற அந்த டி ஸ்கோர் என்னன்னு கேளுங்க. 3 ப்ளஸ் பத்தி கேக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இது ஐஜிஏவுக்கு மட்டும். வடிகட்டிச் சவ்வு மேல ஐஜிஜி கோடு போட்ட மாதிரி நேரா படிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்தா அது வேற நோய், அவசர கேஸ். அதுக்கு ரத்தத்துலேருந்து ஆன்டிபாடியைப் பிரிச்சு எடுக்கிற ப்ளாஸ்மா சிகிச்சையே உண்டு. உடம்பே தன்னைத் தாக்குற லூபஸ் நோயில படியற விதமும் வேற.

படிவு போச்சான்னு பாக்க மறுபடி பயாப்சி எடுக்கலாமான்னு கமென்ட்ல வேறொருத்தர் கேட்டிருந்தார். வழக்கமா எடுக்க மாட்டோம், யூரினும் ரத்தமும் போதும். கிரியாட்டினின் சில வாரத்துலயே மளமளன்னு ஏறினா மட்டும், க்ரெசன்ட் வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க மறுபடி ஊசி போட வேண்டி வரும்.