திருச்சி வானத்துல ரெண்டரை மணி நேரம்: விமானம் ஏன் சுத்துச்சு?

[காட்சி: மாலை போட்ட டிராக்டர், ஓரத்துல வாழைக்கன்னு]

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பம்புசெட்டுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை தின்னு முடிச்ச சாயங்காலம். 5.40-க்குத் திருச்சியிலேருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பின போயிங் 737, மேற்கே போகாம இங்கேயே வட்டமடிக்குது. உள்ளே 140 பேருக்கு மேல. ஹைட்ராலிக் கோளாறுங்கிறாங்க.

கும்பகோணத்துலேருந்து சித்தப்பா போன். மகன் வளைகுடாவுல இருக்கான், அதனால பதற்றம். "ஏம்ப்பா, திருச்சி கீழேயே இருக்கு. இறக்கிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி.

[காட்சி: நெல்லைக் கொட்டும் டிப்பர்]

டிராக்டர் டிப்பரைத் தூக்குறது எது? எண்ணெய் அழுத்தம், அதான் ஹைட்ராலிக். விமானத்துலயும் அதேதான், ஒரு சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம். 737-ல ஏ, பி-ன்னு ரெண்டு ஹைட்ராலிக், அவசரத்துக்கு மூணாவதா ஒண்ணு. சக்கரத்தை வழக்கமா இறக்குறது ஏ.

ஏ படுத்துட்டா? துணை விமானி சீட்டுக்குப் பின்னாடி தரையில ஒரு சின்ன மூடி. திறந்தா மூணு கைப்பிடி: மூக்குச் சக்கரத்துக்கு ஒண்ணு, இடது வலதுக்கு ஒவ்வொண்ணு. இழுத்தா சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கொக்கி விடும். கிணத்து உருளையில கயிறை விட்டா வாளி இறங்குமே, அதே மாதிரி சொந்தக் கனத்துல சக்கரம் விழுந்து பூட்டிக்கும். மோட்டார் வேணாம், எண்ணெய் வேணாம். மூணு பச்சை விளக்கு எரிஞ்சா சரி.

[காட்சி: எடைமேடையில லோடு லாரி]

அப்புறம் ஏன் சுத்தணும்? கனம். 737-800 சுமார் 79 டன் வரைக்கும் தூக்கிட்டுக் கிளம்பலாம். இறங்கும்போது 66 டன்தான் கணக்கு. நடுவுல இருக்கிறது பெரும்பாலும் எரிபொருள். பெரிய விமானங்கள் சிலதுல அதை வானத்துலயே கொட்டலாம், 737-ல அந்த வசதியே கிடையாது. பறந்து எரிச்சாத்தான் குறையும், மணிக்கு ரெண்டரை டன் மாதிரி. கனத்தோட இறங்கினா பிரேக்குக்கும் டயருக்கும் பாரம். திருச்சி ஓடுபாதையோ எட்டாயிரம் அடி சொச்சம்தான்.

உள்ளே யாரும் சும்மா உக்காந்திருக்கல. ஒருத்தர் ஓட்டுவாரு, இன்னொருத்தர் செக்லிஸ்டை வரி வரியாப் படிப்பாரு. இந்தப் பிரிவினை ரொம்ப முக்கியம். 1972 டிசம்பர் 29, அமெரிக்காவுல மயாமி பக்கம் ஒரு விமானம். மூக்குச் சக்கரத்தோட பச்சை விளக்கு எரியல. அந்த பல்பையே எல்லாரும் நோண்டிட்டு இருந்தாங்க. உயரத்தைப் பிடிச்சிருந்த ஆட்டோபைலட் விலகினதை யாரும் கவனிக்கல. மெல்ல மெல்ல இறங்கி, ராத்திரி இருட்டுல சதுப்பு நிலத்துல விழுந்துச்சு. நூறு பேர் கிட்ட செத்தாங்க. சக்கரம் சரியாத்தான் இறங்கியிருந்துச்சு. பியூஸ் போனது பல்பு!

[காட்சி: இரவு ஓடுபாதை விளக்குகள்]

இங்கே டிவியில 'சக்கரமில்லாம வயித்துல இறங்கப் போகுது'ன்னு ஓடிட்டே இருந்துச்சு. எட்டே கால் வாக்குல சக்கரம் ஒழுங்கா இறங்கி, வழக்கம் போலவே தரை தொட்டுச்சு. வரிசையா நின்ன தீயணைப்பு வண்டிக்கு வேலையில்ல.

மறுபடி சித்தப்பா. "அப்ப சுத்தி எரிச்ச எரிபொருள் அத்தனையும் வீணாடா?"

"ஆமா சித்தப்பா, அத்தனையும்."