நீதி கேட்டு இழுத்த கயிறு

நேயர்களுக்கு வணக்கம். நீதி கேட்க ஒரு மணி என்றதும் மனுநீதிச் சோழனும் பசுவும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அதே கதையை அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன்மீது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. அவன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணி. முறையிட வருகிறவர் இழுப்பதற்கு நீளமான கயிறு.

பசுவைவிட என் மனதில் நிற்பவள் அதே நூலில் வரும் ஒரு கிழவி. வெயிலில் காயப்போட்ட நெல்லைப் பருவம் தப்பிய மழை நனைத்துவிட்டது. நேரே வந்து கயிற்றை இழுத்துவிட்டாள். மழைமீது வழக்கு! மன்னன் அவளை விரட்டவில்லை. நோன்பிருந்தான்; அதன்பின் வாரம் ஒருமுறை, அதுவும் இரவில் மட்டும் மழை பெய்தது என்று கதை போகிறது. வீதியோரம் நெல் காயவைக்கும் நம் மட்டக்களப்புப் படுவான்கரைச் சனங்களுக்கு அந்தக் கிழவியின் வயிற்றெரிச்சல் நன்றாகவே விளங்கும்.

பிற்காலத்தில் கயிறு முறையிடுகிறவர் கையிலிருந்து அதிகாரத்தின் கைக்கு மாறியது. ஒருகாலத்தில் அமெரிக்கச் சிறுநகரங்களில் நீதிமன்றக் கோபுர மணி அடித்தால் வழக்கு தொடங்குகிறது என்று பொருள். ஊரில் தீப்பிடித்தாலும் அதே மணிதான். லண்டன் நியூகேட் சிறையில், தூக்குக்கு முந்திய இரவு கைதியின் அறைக்கு வெளியே கைமணி அடித்தார்கள். அதற்கென்றே 1605இல் ஒரு வணிகர் பணம் கொடுத்திருந்தார். கேட்கவே நெஞ்சு பதறுகிறது.

சிலப்பதிகாரக் கண்ணகி மணி எதையும் இழுக்கவில்லை. வாயிற்காவலனிடம் சொல்லியனுப்பினாள், உள்ளே அழைக்கப்பட்டாள். கிழக்கிலங்கையின் தம்பிலுவில், காரைதீவுக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடும்போது, நியாயம் கேட்டு வாசலில் நின்ற ஒரு பெண்ணைத்தான் நாம் தெய்வமாகக் கும்பிடுகிறோம்.

இன்று நீதவான் நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். அழைப்பாணையைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்திருப்பார்கள். எந்த அறை என்று தெரியாது. பெயர் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு நீதிமன்ற வாசலிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அதுவரை ஒன்று செய்யலாம். வசதி குறைந்தவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இயங்குகிறது. அயல்சண்டை, சிறு கடன் போன்றவற்றுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும். கையில் கடிதம் வந்தால் தவணை நாள்வரை காத்திருக்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய் விசாரியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவர் இருந்தால் நீங்களும் கூடப் போங்கள்.